சுயவிபரக்கோவைச் சாத்திரியார்

கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி கிளைபிரியும் மாங்குளம் சந்தியிலே, போட்டோக்கொப்பிக் கடை வாசலில் பிளாஸ்ரிக் கதிரையொன்றைப் பீடமாகக் கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தியபடி, உத்தியோகம் தேடும் வாலிபரின் ஜாதகத்தையே திருத்தியமைக்கும் பாவனையில் எழுந்தருளியிருக்கும் இப்பெருமானை, அவ்வூரில் விண்ணப்பம் போட்ட எவரும் ஒரு தரமேனும் தரிசியாமல் தப்பியிருக்க முடியாது. தட்டச்சுச் செய்பவன் கடைப்பையன்; சொல்லிக்கொடுப்பவர் இவர். தட்சிணை ஒரு பிளேன்ரீ.

சுயவிபரக்கோவை வேறு, ரெசுமே வேறு என்பதை இவர் அறியாதவரல்லர். முன்னது கல்வி, ஆராய்ச்சி, பதவி யாவற்றையும் ஒன்றுவிடாமல் நிரல்படுத்தி, ஆயுளோடு கூடவே நீண்டு, சர்வகலாசாலைகளுக்கு உகந்ததாய் இருப்பதென்றும், பின்னது கேட்ட வேலைக்குப் பொருந்துவனவற்றை மாத்திரம் பொறுக்கி ஓரிரு பக்கத்துக்குள் அடங்கி, அமெரிக்கக் கொம்பனிகளுக்கு உவப்பானதென்றும் அழகாக வியாக்கியானம் செய்வார். 1482ஆம் ஆண்டளவில் மிலான் நகரத்து அதிபதியிடம் வேலை கேட்ட லியனார்டோ டா வின்சி, பாலம், பீரங்கி என யுத்த வித்தைகளை முன்னே அடுக்கி, சித்திரம் வரையத் தெரிந்ததைக் கடைசியில் வைத்த சாமர்த்தியத்தையும் மெச்சுவார். மெச்சிய வாய் மூடுமுன்பே, சாரதி வேலைக்கு வந்தவனிடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் புள்ளியைக் கேட்பார்.

"ஐயா, அவை ஒரு பக்கத்திலதான் கேட்டிருக்கினம்" என்று ஒரு பெண் தயங்கினாள்.

"கேக்கிறவை கேப்பினம், பிள்ளை. கொம்மா சொப்பிங் பைக்குள்ளை சுத்தி மாத்தளன் மட்டும் காவின சேட்டிபிக்கற்றுகள். எதையெண்டு விடுறது?"

இவருடைய பிடிவாதத்தில் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. யுத்தத்தில் வீடு வாசலை விட்டு மாத்தளன்வரை ஓடியபோதும் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை விடாத ஜனங்களிடம் இதை வெட்டு, அதை வெட்டு என்றால் யாருக்குத்தான் கை வரும்? ஆனால் வருஷக்கிரமமாக எழுதும் கோவைக்கு அங்கே ஒரு விக்கினம் உண்டு: 2008இலும் 2009இலும் என்ன செய்தாய் என்று கட்டம் கேட்கும். அவ்விடத்தில் மாத்திரம் இவர் அமெரிக்கரையும் வென்ற சுருக்கக்காரராகி, "நாட்டுச் சூழ்நிலை" என இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பக்கம் தயாராயிற்று. அடியில் "மிகுதி இணைப்பில் காண்க" என்றொரு வரி. இணைப்பு ஏழு பக்கம். அதில் கடைசிப் பக்கம் முழுவதும், உறவினரல்லாத சான்றாளர் என்ற தலைப்பின்கீழ், இவர் வகித்த பதவிகள், கோயில் பரிபாலன சபைப் பொறுப்புகள், இளைப்பாறிய திகதி உட்பட.