தோளை இறக்கி வையிலே பேராண்டி

வாலே, உக்காரு. அந்தப் பையக் கீழ வையி மொதல்ல. காதுகுத்துக்குப் படம் எடுக்க வந்தியா, கேமராவுக்குச் சுமைகூலி பாக்க வந்தியா?

நல்ல சாமான்தான், நான் இல்லைங்கல. ஆனா நேத்து சாமி ஆடுனப்ப அது எங்கலே இருந்துச்சு? பைக்குள்ள உறை, உறைக்குள்ள துணி. நீ சிப்பைத் திறந்து, லென்சு மூடியக் கழட்டி நிமிரதுக்குள்ள சாமி மலையேறிட்டு. ஏழாப்பு படிக்க உன் மச்சான், செல்போன்ல எடுத்து ஊரு பூரா அனுப்பிட்டான். சோனிக்காரன் 2012லயே ஆர்எக்ஸ்100னு ஒண்ணு விட்டான். பேட்டரி, கார்டு சேத்து 240 கிராம். சட்டைப் பையில போட்டுக்கிடலாம். அதுல ஒய்ஃபை கெடையாது. மறுவருசம் வந்த தம்பிக்காரனுக்குத்தான் அந்தப் பவிசு.

ஒய்ஃபைன்னதும் ஞாபகம் வருது. நான் பார்வை மங்குன கெழவன், எனக்கென்ன தெரியும். ஆனா துபாய்ல இருக்க உங்க அத்தைக்குப் படம் அனுப்பணும்னு நீ பட்ட பாட்டைப் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன். கேமரா தானா ஒரு ஒய்ஃபையக் கெளப்புது. உன் போனு அதுல போயி ஒட்டுது. ‘இதுல இன்டர்நெட் இல்ல, இருக்கவா போகவா?’ன்னு கேக்கு. நீ பதறிப்போயி ‘வேண்டாம்’னு அமுக்குத. பழையபடி மொதல்லருந்து. ஏலே, கேமராக்குள்ள என்ன டவரா நட்டு வச்சிருக்கான், அங்க போயி இன்டர்நெட்டைத் தேடுதியே! படம் வந்து சேருத வரைக்கும் அதுலயே கெட. வந்ததும் அத்துவிட்டுட்டு வாட்சப்புக்குப் போ.

அதுலயும் நீ எடுத்ததெல்லாம் ரா படம். பச்ச அரிசியக் கூரியர்ல அனுப்பிட்டுச் சோறு ஆறிப்போச்சான்னு கேப்பியா? ஜேபெக் போதும்லே. நிக்கான்காரன் 2016ல ஸ்னாப்பிரிட்ஜ்னு கொண்டாந்தான். கேமராவும் போனும் புளூடூத்துல எந்நேரமும் தொடுப்பு வச்சுக்கிடும், யாருக்கும் தெரியாம. அது ஒடுங்குன குழாய்ங்கதுனால 2 மெகாபிக்சல்ல சின்ன நகல் மட்டும் தானா போயிரும். பேத்தி காதுத் தோட்டைப் பாக்க உங்க அத்தைக்கு அது தாராளம். சட்டம் போட்டு மாட்டணும்னா முழுப் படத்தை டாக்குமெண்ட்டா அனுப்பு. சும்மா அனுப்புனா வாட்சப்பு அரைச்சுப்புடும்.

என்னலே, பேட்டரி செத்துப்போச்சா? ஒய்ஃபையப் போட்டுக்கிட்டே திரிஞ்சா வேற என்ன செய்யும். சரி, கார்டை இங்க குடு. வெத்தலப் பையில கார்டு ரீடர் கெடக்கும், பாத்து எடு, சுண்ணாம்பு பட்டுறாம.