ஷெட்யூல் சார்

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். ஓய்வு பெற்ற அதிகாரி. லீவுக்கு வந்த மகன் நாலு ஸ்மார்ட் பிளக்கும் ஆறு பல்பும் மாட்டிவிட்டு, "எல்லாம் தானா நடக்கும்ப்பா" என்று சொல்லி விமானம் ஏறியிருப்பான். இயற்பெயர் மின்கட்டண அட்டையில் மட்டும் இருக்கும். மற்றவர்களுக்கு அவர் ஷெட்யூல் சார்.

கீசரில்தான் ஆரம்பிக்கும். காலை 5 மணிக்கு ஆன் ஆக வேண்டியது, வெள்ளிக்கிழமை காலை 10.30க்கு ஆனது. "ராகு காலம் பாத்து ஆரம்பிக்குது பாருங்க" என்றார் வீட்டம்மா. சார் சிரிக்கவில்லை. விரல்விட்டு எண்ணி, ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்று பிடித்துவிட்டார். செயலி கிரீன்விச் நேரத்திலேயே உட்கார்ந்திருந்தது. பட்டியலில் 'கொல்கத்தா' என்று தட்டினால் தீர்ந்தது. ஆனால் சென்னையை விட்டுவிட்டுக் கொல்கத்தாவை எப்படிப் போடுவது? இந்தியா முழுக்க ஒரே நேரம்தான் என்று பேரன் சொல்லும்வரை, அந்த வீட்டில் வெந்நீர் பதினொரு மணிக்குத்தான்.

அடுத்தது பால்கனி விளக்கு. சூரியன் மறைந்ததும் எரிய வேண்டும் என்பது ஏற்பாடு. நவம்பரில் சென்னையில் 5.40 வாக்கில் மறையும், ஜூலையில் 6.40 ஆகிவிடும் என்று லிஃப்டில் மாட்டுகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். விளக்கோ எந்த ஊரிலோ அஸ்தமித்த சூரியனுக்கு எரிந்துகொண்டிருந்தது. இருப்பிடத்தைச் செயலிக்குச் சொன்னால் திருடனுக்குத் தெரிந்துவிடும் என்று அனுமதி மறுத்திருந்தார். மாதாமாதம் சங்கத்துக்குக் கட்டும் பணத்தின் ரசீதை வாட்ஸப் குழுவில் கதவு எண்ணோடு போடுகிறவர் இவர்தான்.

இதெல்லாம் சில்லறை. நிஜமான எதிரி சுவரில் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பெருக்கி முடித்து வெளியே வரும்போது அறையின் சுவிட்சுகளை ஒன்றுவிடாமல் அணைத்துவிட்டுத்தான் வருவார். அத்தனை வீட்டிலும் அவருக்கு அதற்காகவே நல்ல பெயர். சுவரில் அணைத்த பிறகு பிளக்குக்கு ஷெட்யூல் என்ன, பஞ்சாங்கமே கொடுத்தாலும் அது எழுந்திருக்காது. சார் ரவுட்டரை அணைத்துப் போடுவார், பல்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் ஆகும், 5 ஆகாது என்று அலைவரிசையைப் பிரிப்பார். செயலியை அழித்து மறுபடி ஏற்றுவார். கையை நீட்டிச் சுவிட்சைப் பார்ப்பது மட்டும் அவர் படிப்புக்குக் குறைச்சல். கடைசியில் விஷயம் தெரிந்து, சுவிட்ச் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினார். மறுநாள் அக்கா அதை உரித்து, பிசுக்கைத் துடைத்து, அணைத்துவிட்டுப் போனார்.

நள்ளிரவில் கரண்ட் போய் இரண்டரைக்கு வந்த அன்று ஆறு பல்பும் முழு வெளிச்சத்தில் எரிந்து வீட்டையே எழுப்பின. "கரண்ட் வந்தா பழைய நிலைக்கே திரும்பணும்னு ஒரு செட்டிங் இருக்கு" என்று அந்த நேரத்திலும் அவர் உற்சாகமாகத்தான் சொன்னார். எனக்கு என்னமோ, அவருக்கு வேண்டியது வெந்நீர் இல்லை, பழுது என்றுதான் தோன்றுகிறது. முன்பெல்லாம் ஆறரைக்கு எழுந்தவர், இப்போது கீசர் 5 மணிக்குத் தானாக ஆன் ஆகிறதா என்று பார்க்க 4.45க்கு அலாரம் வைக்கிறார்.

எல்லாம் ஒழுங்காக ஓடிய ஒரு வாரம் அவர் முகமே சரியில்லை. மகன் போனில் கேட்டதற்கு, "ஓடுது... பாப்போம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து, மேல்தொட்டி மோட்டாருக்கும் டைமர் போட்டுவிடலாம், செலவு தன்னுடையது என்றார். தலைவர் கூரையைப் பார்த்தார். பொருளாளர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். டீ கொண்டுவந்த வாட்ச்மேன்தான் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாய் திறந்தார்.

"இப்போ தண்ணி நல்லாத்தானே சார் வருது?"