விடுதலை எப்போது வந்தது?

கேள்வி: பிரிட்டிஷ் ஆட்சியில் 1833-லேயே அடிமைமுறை ஒழிந்ததாமே, நம் பண்ணையாட்களுக்கும் அன்றே விடுதலையா?

பதில்: எங்கே! கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளையும் இலங்கையையும் அந்த 1833 சட்டம் வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. மற்ற இடங்களிலும் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு எஜமானர்களுக்குத்தான். அடிமைப்பட்டவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. இந்தக் கணக்கை நினைத்தாலே வயிறு எரிகிறது. இங்கே 1843-ல் வந்த சட்டம், அடிமை மீது உரிமை கொண்டாடினால் கோர்ட்டில் செல்லாது என்றதோடு நின்றது. வைத்திருப்பவருக்குத் தண்டனை கிடையாது. ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்தில். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழிக்கும் அரச விளம்பரம் 1855-ல் வந்தது. அந்தத் திருவிதாங்கூரில் இருந்த நாஞ்சில் நாட்டின் முதலியார் ஓலைகளை, அதாவது முதலியார் குடும்பத்தின் ஓலை ஆவணங்களை, படித்துப் பாருங்கள்: நிலம், நெல் விவகாரங்களுக்கு நடுவே மனிதர்களை விற்ற ஓலைகளும் கிடக்கின்றன. கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவதைத் தடுக்கும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1976-ல்.