கட்டுப் போடுவார் இலக்கணம்

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடையும் பென்சிலுமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடத் தொடங்கும்போது, அந்த ஐவரில் காயமாற்றும் கிளெரிக் யார் என்னும் வினாவை ஆராய்தல் நுதலிற்று. குழுச் சமநிலை என்று பெரிய பெயர் வைத்து வளர்க்கப்படும் துறை முழுவதும் இந்த ஒரு வினாவுக்குள் அடங்கிவிடும் என்பது எம் துணிபு. சண்டைக்காரர் தானே கிடைப்பார். நெருப்புருண்டை வீச ஆசைப்படாத மனிதர் இல்லை என்பதால் மந்திரவாதிக்கும் பஞ்சமில்லை. திருடராக இருவர் போட்டி போடுவார்கள். அடிபட்டவருக்குக் கட்டுப் போடத்தான் ஆள் இல்லை.

முதலில் தோற்றுவாய். 1974இல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்த முதல் பதிப்பில், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வைத்த வகுப்புகள் மூன்றே: சண்டைக்காரர், மந்திரவாதி, கிளெரிக். திருடர் அடுத்த ஆண்டு வந்த கிரேஹாக் என்னும் துணைநூலில்தான் சேர்ந்தார். பூட்டைத் திறக்க ஆள் வருமுன்பே காயத்துக்கு ஆள் வந்தாயிற்று என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. கொண்டாட வேண்டாம். கிளெரிக் காயத்துக்காக வந்தவரே அல்ல. ஆர்னெசனின் பிளாக்மூர் ஆட்டத்தில் ஒருவர் ஆடிய சர் ஃபேங் என்னும் ரத்தக்காட்டேரி யாருக்கும் அடங்காமல் வளர்ந்துவிட, அதை ஒடுக்குவதற்காக, ஹாமர் நிறுவனத்துப் பேய்ப்படங்களில் வரும் காட்டேரி வேட்டைக்காரரின் சாயலில் உருவானவர் அவர். சிலுவையைத் தூக்கிக்கொண்டு வேட்டைக்குப் புறப்பட்டவர், நூல் அச்சேறுவதற்குள் மருந்துப்பெட்டியையும் சுமக்கும்படி ஆயிற்று. போதாக்குறைக்குக் கூரான ஆயுதம் தொடக்கூடாது என்று வாளையும் பிடுங்கிக்கொண்டார்கள். முதல் லெவலில் மந்திரம் ஒன்றுகூடக் கிடையாது. இப்படி ஒரு வேலைக்கு விளம்பரம் கொடுத்தால் யார் மனுப்போடுவார்?

இனிக் களநிலை. கேரக்டர் ஷீட் எழுதும் மாலையில் ஒருவர் நான்கு பக்கக் குடும்ப வரலாற்றோடு வருவார். அதில் பெற்றோர் முதல் பத்தியிலேயே இறந்துவிடுவார்கள். அவர் ரோக், அதாவது திருடர். அடுத்தவரும் ரோக்தான், ஆனால் இவருடையது வில் என்பதால் வேறு மாதிரி என்பார். பிறகு ஒருவர், தம்முடைய ஷீட்டில் ‘விசார்ட்’ என்று அழிக்க முடியாதபடி பேனாவால் எழுதி முடித்துவிட்டு, “ஹீலர் யாராவது எடுக்கிறீங்களா?” என்று பொதுநலத்தோடு கேட்பார். உடனே ஒருவர் இருபது முகப் பகடையை எட்டு முகப் பகடையின் மேல் நிறுத்தப் பார்ப்பார். இன்னொருவருக்கு போனில் அவசரச் செய்தி வரும். அந்நேரம் கதவு திறக்கும். சிப்ஸ் பாக்கெட்டும் மூச்சிரைப்புமாக உள்ளே நுழைபவரைப் பார்த்து எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். “உனக்காகத்தான் ஒரு நல்ல கேரக்டரை விட்டு வச்சிருக்கோம்.”

இதிலிருந்து பெறப்படும் நூற்பா:

கடைசியில் வருவார் கட்டுப் போடுவார்.

இதன் பொருள் வெளிப்படை. ‘வருவார்’ என்றதனால் பஸ்ஸைத் தவறவிட்டவர், விலாசம் தவறியவர், சிப்ஸ் வாங்க நின்றவர் எல்லாரும் அடங்குவர். நேரத்துக்கே வந்தும் மறுத்துப் பேசத் தெரியாதவரை இலேசினால் கொள்க.

ஆட்டத்தை வெளியிட்டவர்கள் இந்த விதியை அறியாதவர்கள் அல்லர். பதிப்புகளின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால், கிளெரிக்குக்கு ஆள்பிடிக்கக் கொடுத்த லஞ்சத்தின் வரலாறாகவே தெரிகிறது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில், கிளெரிக் காலையில் வேறு மந்திரத்தைத் தயார் செய்திருந்தாலும் வேண்டியபோது அதைக் காயமாற்றும் மந்திரமாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். கனத்த கவசமும் தந்தார்கள், அரிய மந்திரங்களும் தந்தார்கள். லஞ்சம் அளவு மீறிப்போயிற்று. கிளெரிக்குகள் தமக்கே மந்திரம் போட்டுக்கொண்டு சண்டைக்காரரை விடப் பெரிய சண்டைக்காரராகி முன்வரிசைக்குப் போய்விட்டார்கள். காயத்துக்கு? 750 பொன் கொடுத்தால் ஒரு மந்திரக்கோல். 50 தடவை வேலை செய்யும். தடவைக்கு 15 பொன். சண்டை முடிந்ததும் வரிசையில் நின்று கோலால் தட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

2008இன் நான்காம் பதிப்பு பணத்தை விட்டுப் பதவியைக் காட்டியது. தடுப்பவர், தாக்குபவர், களத்தைக் கட்டுப்படுத்துபவர், தலைவர் என்று நான்கு பங்குகளை நூலிலேயே வகுத்து, கட்டுப் போடுபவரைத் தலைவர் ஆக்கினார்கள். அவர் சொல்வதை மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று மட்டும் எங்கும் எழுதவில்லை. 2014இன் ஐந்தாம் பதிப்போ, ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தால் அவரவர் காயத்தை அவரவரே பகடை உருட்டி ஆற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. ஹிட் பாயிண்ட் என்னும் உயிர்ப்புள்ளி ஒன்றே மிச்சமிருப்பவரும் நாற்பது இருப்பவரும் ஒரே வேகத்தில் வாள் வீசலாம் என்பதால், விவரம் தெரிந்த கிளெரிக், நண்பர் சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்து, சாய்ந்த பிறகு ஒரு சொல்லால் எழுப்புகிறார். நண்பர் எழுகிறார், மறுபடி சாய்கிறார், கிளெரிக் மறுபடி எழுப்புகிறார். அவருடைய கருணை சுழியத்தில்தான் தொடங்கும்.

இனி மற்ற வகுப்பினர். மந்திரவாதியைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை; அவரே விரிப்பார். திருடரைப் பற்றி ஒன்று. 1978இல் வந்த அட்வான்ஸ்டு ஆட்டக்காரர் கையேட்டின்படி, முதல் லெவல் திருடர் பொறியைக் கண்டுபிடிக்க வாய்ப்பு 20 விழுக்காடு. மற்றப் பொறிகள் அவரைக் கண்டுபிடித்தன. கிளெரிக்குக்கு வேலை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கே ஒரு மறுப்பு எழும்: சமநிலை எதற்கு, ஐவரும் திருடராகவே போனால் என்ன? மறுப்பு வலுவானது. அந்தப் பழைய விதிகளில் குகையிலிருந்து வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு பொன்னுக்கும் ஒரு அனுபவப் புள்ளி. பூதத்தை வெட்டிச் சாய்த்தால் கிடைப்பது அதோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆகவே நாகம் தூங்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே லெவல் ஏறும் வழி. அதிலும் மந்திரவாதி இரண்டாம் லெவலுக்கு 2,501 புள்ளி சேர்க்க வேண்டிய அதே கையேட்டில் திருடருக்கு 1,251 போதும். சண்டையே போடாத குழுவில் காயம் ஏது, கிளெரிக் எதற்கு? ஐந்து திருடர் வந்து உட்கார்ந்தால், ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் திட்ட வேண்டாம். பூட்டுகளைக் கூட்டினால் போதும்.

ஆனால் வெளியே வந்து பங்கு பிரிக்க வேண்டும். சக திருடர் பையில் கைவிட முதல் லெவலிலேயே 30 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதை ஐவரும் ஒரே நூலில்தான் படித்திருக்கிறார்கள். நாகத்திடம் தப்பிய குழுவின் முதல் கத்திக்குத்து அங்கே விழும். கட்டுப் போடத்தான் ஆள் இருக்காது.