கட் பீஸ் அட்டையும் கப்பா கணக்கும்

இப்போதெல்லாம் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில், தறிக்காரர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை. எந்த மென்பொருள், எத்தனையாவது பதிப்பு என்று கேட்கிறார்கள். மாணவி பதில் சொன்னதும் தேர்வாளர் முகத்தில் ஒரு நிம்மதி படர்கிறது. அடுத்து காபியும் தட்டுவடை செட்டும் வருகின்றன. சேலத்தில் வாய்மொழித் தேர்வு வைப்பதில் உள்ள ஒரே சந்தேகமில்லாத நன்மை அந்தத் தட்டுவடை செட்தான்.

நான் விசைத்தறிக்காரர்களிடையே களப்பணிக்கு இறங்கிய தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாமக்கல் இன்னும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1997 ஜனவரி 1-ல். சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்ததும் அதே ஆண்டுதான். அப்போது ஆய்வுக் கருவி என்றால் ஒரு டேப் ரெக்கார்டர், கொஞ்சம் அறுபது நிமிட கேசட், குமாரபாளையம் போகிற பஸ். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவதுதான் தொழில்நுட்பப் பயிற்சி.

விசைத்தறிக் கூடத்துக்குள் பேட்டி எடுக்க முடியாது. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்பதை வாயசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பல வருஷம் தறி ஓட்டியவர்கள் வெளியே வந்த பிறகும் நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சும்மா பேசினாலும் சத்தமாகத்தான் பேசுவார்கள். ஆகவே ஷிப்ட் மாறுகிற நேரத்து டீக்கடைதான் எங்கள் களம். இல்லையென்றால் கரண்ட் போக வேண்டும். கரண்ட் போனால் தறி நிற்கும், தறி நின்றால் ஆள் பேசுவார். 2012 வாக்கில் சென்னையைத் தவிர்த்த தமிழ்நாடு நாளில் பாதி நேரம் இருட்டில் கிடந்தபோது தறி முதலாளிகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். என் மாணவர்களுக்கோ பேட்டி மேல் பேட்டி. அதைக் கணினியில் ஏற்றலாம் என்று சேலம் திரும்பினால் அங்கேயும் கரண்ட் இல்லை. தறிக்காரருக்கும் ஆய்வாளருக்கும் அவ்வளவு சமத்துவம் அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

கேசட் காலத்தில், டேப்பில் இருந்ததை எழுதி முடித்த பிறகு பகுப்பாய்வு. அம்மாபேட்டைப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஓர் அச்சகத்தில், வெட்டிப் போட்ட கட் பீஸ் அட்டைகளைக் கிலோ கணக்கில் கொடுப்பார்கள். ஒரு பக்கத்தில் பிள்ளையாரின் தும்பிக்கை மட்டும் தங்க நிறத்தில் இருக்கும். மறுபக்கத்தில் நான் பேட்டியிலிருந்து ஒரு வாக்கியம், ஆளின் அடையாள எழுத்து, கேசட் எண் எழுதுவேன். கட்டுவதற்குத் தறிக்கூடத்துக் கழிவு நூல். பாக்கி பற்றிய பேச்செல்லாம் சிவப்பு நூல். ஊரை விட்டு வந்த கதை பச்சை. பெண்கள் ஊடை நூலைத் தார் சுற்றுவது, குழந்தை வளர்ப்பது எல்லாம் மஞ்சள். சண்டை, சங்கம், சாவு மூன்றும் கறுப்பு. அவை ஏன் ஒரே கட்டில் இருந்தன என்று அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை.

பேச்சைத் துண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்து, துண்டோடு துண்டை ஒப்பிட்டுக் கோட்பாட்டைக் கீழிருந்து எழுப்புவது எப்படி என்று கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-லேயே அமெரிக்காவில் ஒரு புத்தகம் போட்டுவிட்டார்கள். அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தபோது என்னிடம் சிவப்பு நூல் தீர்ந்திருந்தது.

பாக்கி என்றால் இங்கே நிலுவை இல்லை, முன்பணம். வேலைக்குச் சேரும்போது தறிக்காரர் முதலாளியிடம் ஒரு தொகை வாங்குவார். அதைக் கழிக்கும் வரை அங்கே ஓட்டுவார். அல்லது புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை அழைத்துக்கொள்வார். அல்லது ஆள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடுவார். இது தொழிலாளியைக் கட்டிப்போடும் கயிறா, முதலாளியை இழுக்கும் கயிறா? பவானி, குமாரபாளையம் பகுதிகளில் ஆய்வு செய்த மானுடவியலாளர் கியர்ட் டி நெவ் 1999-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையும், 2005-ல் இப்பகுதித் தொழிலாளர் வாழ்க்கை பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். புதுவகைக் கொத்தடிமைத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது, அடிமைப்படலும் எதிர்ப்பும் அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பது அவர் பார்வை. எனக்கு அதையே ஒரு தறிக்காரர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருந்தார்: “பாக்கி இருக்கற வரைக்கும் ஓனரு நம்மள நல்லாப் பாத்துக்குவாருங்க சார். பாக்கி தீந்துட்டா அவரு யாரோ நாம யாரோ.”

இந்த அட்டைக்கு எந்த நூல்? கடனா, பாதுகாப்பா, பாசமா, பயமா? ஓர் அட்டை ஒரு கட்டில்தான் இருக்க முடியும். கார்பன் வைத்து நான்கு பிரதி எடுத்து நான்கு கட்டிலும் சொருகினேன்.

இந்த ஒரு தொல்லைக்குத்தான் மென்பொருள் பிறந்தது என்று சொன்னால் பெரிய தப்பில்லை. ஆஸ்திரேலியாவில் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் லின் ரிச்சர்ட்ஸ் சமூகவியலாளர். அவர் கணவர் டாம் ரிச்சர்ட்ஸ் கணினி தெரிந்தவர். மனைவியின் ஆய்வுக்குக் கை கொடுக்கக் கணவர் 1981-ல் எழுதத் தொடங்கியது நட்டிஸ்ட். அதன் வழியில் 1999-ல் வந்தது என்விவோ. ஒரு வாக்கியத்தை எத்தனை தலைப்பில் வேண்டுமானாலும் போடலாம், வாக்கியம் இருந்த இடத்திலேயே இருக்கும். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1989 முதல் 1992 வரை நடந்த ஒரு திட்டத்திலிருந்து தாமஸ் முயர் உருவாக்கியது அட்லஸ்.டிஐ. நட்டிஸ்ட் தொடங்கிய அதே 1981-ல்தான் சேலத்தில் ஜவ்வரிசிக்காரர்கள் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எங்களுக்கு அந்த ஆண்டில் அதுதான் செய்தி.

2009-ல் யுஜிசி, ஆய்வு மாணவர்களுக்குப் பாடநெறியைக் கட்டாயமாக்கியது. ஆய்வு நெறிமுறைத் தாளில் எண்வழி முறைகளும் கணினிப் பயன்பாடும் இடம்பெறலாம் என்றது. ‘இடம்பெறலாம்’ என்றால் கல்லூரிகளில் ‘இல்லாவிட்டால் தொலைந்தீர்கள்’ என்று பொருள். பயிலரங்குகள் முளைத்தன. ஓய்வு பெறப் போகிற வயதில் நானும் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். அப்போது என்விவோவோடு வந்த மாதிரித் தரவு அமெரிக்காவின் வட கரோலினாக் கடலோர மக்களைப் பற்றியது. மேட்டூர் அணையைத் தவிரப் பெரிய தண்ணீரைப் பார்த்திராத பிள்ளைகள், அட்லாண்டிக் மீனவர்களின் கவலைகளை இரண்டு நாள் நீலத்திலும் ஊதாவிலும் கோடிங் செய்தார்கள், அதாவது துண்டு போட்டுப் பெயர் கொடுத்தார்கள். சான்றிதழ் வாங்கி, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்தோம்.

தமிழ்த் தரவை ஏற்றும்போதுதான் கதை தொடங்கியது. பழைய பேட்டிகளை டிடிபி சென்டரில் யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்து வைத்திருந்தோம். தமிழ்நாடு அரசே 2010-ல்தான் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. டிடிபி சென்டர்களுக்கு அந்த ஆணை நடந்து போய்ச் சேர மேலும் பல வருஷம் ஆனது. திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும். மாற்றி எழுதி ஏற்றினோம். அடுத்து, எந்தச் சொல் அதிகம் வருகிறதோ அதைப் பெரிதாகக் காட்டும் சொல்மேகம். ஆய்வேட்டில் அது இல்லாவிட்டால் ஒரு குறைதான் என்று என் மாணவி ஒருத்தி சொன்னாள். பொத்தானை அமுக்கினோம். நடுவில் யானை அளவில் ‘வந்து’. அதைச் சுற்றி ‘அப்பறம்’, ‘அதானுங்க’, ‘ஆமாங்க’. பாக்கியைக் காணோம். பாக்கி, பாக்கியை, பாக்கிக்கு, பாக்கியில, பாக்கியும் என்று வேற்றுமை ஏறிய ஒவ்வொன்றையும் மென்பொருள் தனித்தனிச் சொல்லாக எண்ணிவிட்டது. பாக்கியைப் பற்றிய ஆய்வில் பாக்கி இல்லாத ஒரு மேகம், வண்ணத்தில் அச்சாகி, நான்காம் அத்தியாயத்தில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தலைப்பைத் தட்டினால் அதில் கிடக்கும் அத்தனை வாக்கியங்களும் வரிசையாக வருகின்றன. வாக்கியத்தைத் தட்டினால் பேட்டியின் அந்த இடம் திறக்கிறது. ஒலியையும் இணைத்து வைத்திருந்தால் ஆளின் குரலே கேட்கிறது. கேசட்டில் இதற்கு அரை மணி நேரம் முன்னும் பின்னும் ஓட்டுவேன். உரிமம் வாங்கப் பணமில்லாதவர்களுக்கு டகெட், குவால்கோடர் என்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் எங்கள் பிள்ளைகளுக்கு இலவசத்தின் மேல் நம்பிக்கை வருவதில்லை. விலை கூடிய மென்பொருளின் சில நாள் சோதனை உரிமத்தை எடுப்பார்கள், தீர்ந்ததும் தம்பியின் மின்னஞ்சலில் இன்னொன்று, அப்புறம் சித்தப்பாவின் மின்னஞ்சலில். ஆய்வேட்டின் நன்றியுரையில் சித்தப்பா இடம்பெறும் காரணம் பலருக்குத் தெரியாது.

எம்.என். சீனிவாஸ் கதையை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். மைசூர்ப் பக்கத்து ராம்புரா கிராமத்தைப் பற்றிப் பல ஆண்டு உழைத்துத் தொகுத்த குறிப்புகள், 1970 ஏப்ரல் 24 அன்று ஸ்டான்போர்டில் யாரோ வைத்த தீயில் கருகின. நினைவிலிருந்தே எழுதி 1976-ல் ‘தி ரிமெம்பர்டு வில்லேஜ்’ வெளியிட்டார். மாணவர்கள் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்கிற பாடம், ஐந்து இடத்தில் பேக்கப் எடுக்க வேண்டும் என்பது. நல்ல பாடம்தான். தீயில் போன குறிப்பிலிருந்து வந்த புத்தகத்தை ஐம்பது வருஷம் கழித்தும் படிக்கிறோம். பேக்கப் எடுத்த ஆய்வேடுகள் பத்திரமாக இருக்கின்றன.

இப்போது அந்த மென்பொருள்களும் பழசு. பேச்சைத் தானே எழுத்தாக்கி, ஆங்கிலத்துக்கு மாற்றி, தலைப்பையும் தானே சொல்லிவிடும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. சோதித்துப் பார்க்க அந்தப் பழைய டீக்கடை வாக்கியத்தைக் கொடுத்தேன். ‘முதலாளியின் அக்கறை: நேர்மறை’ என்று ஒரு நொடியில் வந்தது. எனக்கு நான்கு அட்டை தேவைப்பட்டது.

இனி கப்பா. இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பேட்டியைக் கோடிங் செய்தால் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதற்கு ஜேக்கப் கோகன் 1960-ல் கொடுத்த அளவு அது; தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவார்கள். ஒன்று வந்தால் முழு ஒற்றுமை. என் கடைசி மாணவிக்கு 0.91 வந்தது. தேர்வாளர் பாராட்டினார். தனித்தனியாகக் கோடிங் செய்த அந்த இருவரும் ஒரே விடுதியில், ஒரே அறையில், ஒரே மேஜையில் உட்கார்ந்து செய்தார்கள் என்பதைக் கழிக்கக் கோகனிடம் வழி இல்லை.

அதே ஆய்வில் பள்ளிபாளையத்துப் பக்கம் ஒரு தம்பதி. இருவரும் ஒரே கூடத்தில் வேலை. அவர் தறி ஓட்டுகிறார், அந்தம்மா தார் சுற்றுகிறார். போன தீபாவளிக்கு எவ்வளவு பாக்கி வாங்கினீர்கள் என்று மாணவி இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டாள். அவர் முப்பதாயிரம் என்றார், அந்தம்மா இருபத்தி ரெண்டாயிரம் என்றார். தரவில் முரண் என்று குறித்துக்கொண்டு மறுபடி போனாள், நானும் கூடப் போனேன். எது சரி என்று அந்தம்மாவிடம் கேட்டோம்.

“ரெண்டும் சரிதான் கண்ணு. அவரு சொல்றது ஓனருகிட்ட வாங்குனது. நாஞ் சொல்றது ஊட்டுக்கு வந்து சேந்தது. உங்க கம்ப்யூட்டர்ல ரெண்டையும் போட்டுக்கங்க. அவருகிட்ட மட்டும் காட்டாதீங்க.”