தெருவுக்குப் பட்டா யாரு பேர்ல மருமவனே?

நாய்க்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுத. கழுத்துல பித்தள வில்ல தொங்குது. பேரும் வெள்ளக்காரன் பேரா வச்சுட்ட, புரூனோன்னு. எல்லாம் சரி மருமவனே. மடிப்பாக்கத்துத் தெருமுக்கு டீக்கடை வாசல்ல படுத்திருக்கானே கருவாயன், அவனுக்கு அந்தப் பேரு தெரியுமாடே?

கண்ணு ஆபரேசனுக்கு வந்த மாமன் பேசாம மூலையில கெடப்பான்னுதான நெனச்ச? ஒரு கண்ணுல கட்டு. பாக்கி ஒரு கண்ணு போதும், காலையில நீ நாயோட நடந்து போற அழகப் பாக்கதுக்கு. மாடியில நின்னு பாக்கேன். ரெண்டு காதுலயும் பாட்டுக் குழாய மாட்டியிருக்க. ஒரு கையில போனு. இன்னொரு கையில, பட்டன அமுக்குனா சரசரன்னு நீண்டுக்கிட்டே போற வாரு. நாயி பதினஞ்சு அடி முன்னால போயி முக்குத் திரும்பிட்டு. நீ போனுக்குள்ள இருந்து இன்னும் தெருவுக்கே வந்து சேரல. அங்ஙன நாலு பேரு சுத்தி நின்னு உறும ஆரம்பிச்ச பெறவு, 'ஐயோ தெருநாய்த் தொல்ல'ன்னு கத்துத. தொல்ல யாருன்னு அந்த நாலு பேருகிட்டயும் ஒரு வார்த்த கேக்கணும்லா?

ஒம் புரூனோவோட பூர்வீகம் கனடாவுல நியூஃபவுண்ட்லாந்துங்கிற தீவுன்னு பேத்தி படிச்சுச் சொன்னா. பனிக்கடல்ல மீன்காரனுக்கு வல இழுத்துக் குடுத்த வம்சமாம். இங்க என்ன வேலை குடுத்திருக்க? சோபாவுல படுக்குத வேலை. காலையில அத வெளிய கூட்டிட்டுப் போனதும், போற வழியில ஒவ்வொரு கரண்டு கம்பத்துலயும் காலத் தூக்கி, இது என் இடம்னு எழுதி வச்சுட்டு வருது. அந்தக் கம்பத்தடியில பொறந்து, அங்ஙனயே மழையும் வெயிலும் பட்டு, ராத்திரி முழுக்க அந்தத் தெருவக் காத்துக்கிட்டுக் கெடக்கிறவன் அத மோந்து பாப்பான்லா? நம்ம பக்கத்துல, பக்கத்து ஊருக்காரன்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம அவன் தெரு வழியா மாப்பிள்ள ஊர்வலம் விட்டா என்ன நடக்கும்? நீ அத தெனமும் காலையில நடத்துத மருமவனே, மேளம் மட்டுந்தான் இல்ல.

நீ மாநகராட்சிக்குப் போன் போட்டியாம். 1913-க்கு. நல்ல காரியம். வருவாங்க, பிடிப்பாங்க, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணுவாங்க, வெறிநாய்த் தடுப்பூசி போடுவாங்க. அதுக்கப்புறம்? பிடிச்ச அதே இடத்துல கொண்டாந்து விட்டுருவாங்க. 2001-ல போட்ட விதியும் அதான், அத மாத்தி 2023-ல எழுதுன விதியும் அதான். 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் டெல்லி நாயெல்லாம் காப்பகத்துக்குப் போகட்டும்னுச்சு. நீ அன்னைக்கு லட்டு வாங்கிட்டு வந்தியாமே, ஒம் பொண்டாட்டி சொன்னா. அதே மாசம் 22-ஆம் தேதியே, ஊசியும் ஆபரேசனும் முடிச்சு பிடிச்ச எடத்துலயே விடுங்க, வெறி பிடிச்சதும் மூர்க்கமானதும் மட்டும் உள்ள இருக்கட்டும்னு மாத்திட்டாங்க. லட்டு செரிக்கிறதுக்குள்ள பட்டா மறுபடியும் கருவாயன் பேருக்கே வந்துட்டு. நவம்பர்ல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேசனுக்கு வேற உத்தரவு போட்டாவ. ஒந் தெரு இதுல எதுலயும் சேராது. நீ வாடகைக்கு இருக்க. அவன் அங்ஙன பொறந்தவன்.

அதனால முதல்ல ஒரு வேலை பண்ணு. நாயி இல்லாம நீ மட்டும் நட. குழாயக் காதுல இருந்து கழத்திட்டு நட. எந்த முக்குல எந்தக் கூட்டம், அவங்க எல்ல எங்க முடியுது, கறிக்கடை வாசல்ல ஞாயித்துக்கெழம எத்தன பேரு, குப்பத்தொட்டிப் பக்கம் யாரு அதிகாரம், எல்லாம் டீக்கடை மாஸ்டருக்கு அத்துப்படி. ஒரு டீ குடி, ஒரு பொறை வாங்கு. பொறைய நீ திங்காத. கருவாயன் பக்கம் மெதுவாப் போடு. நாலு நாள் போட்டீன்னா அஞ்சாம் நாளு நீ வரும்போது எந்திரிச்சு நிக்க மாட்டான், தலைய மட்டும் தூக்கிப் பாத்துட்டுப் படுத்துருவான். அவன் காது நுனியப் பாரு. சின்னதா ஒரு வெட்டு இருக்கும். ஆபரேசன் முடிஞ்சதுக்கு அடையாளம் அது. அப்படி இருக்கிறவன் பெரும்பாலும் சாது. காது முழுசா இருக்கிறவன்கிட்டத்தான் கொஞ்சம் தள்ளி நடக்கணும்.

காலத்தையும் பாரு. இங்கிலீசு காலண்டர்ல இதெல்லாம் போட மாட்டான். மார்கழியில நாயெல்லாம் கூட்டங்கூட்டமா அலையும், பொட்டைக்காகச் சண்ட போடும். அதுல இருந்து 63 நாள எண்ணிக்கோ. மாசி, பங்குனியில நிறுத்தியிருக்க காருக்கடியில ஒரு தாய்நாயி குட்டிகளோட கெடக்கும். அந்தப் பக்கம் ஒம் புரூனோ வாலாட்டிக்கிட்டுப் போனாலும் சரி, நீயே பூச்செண்டோட போனாலும் சரி, கடி உறுதி. அந்த ரெண்டு மாசம் எதுத்த தெரு வழியாப் போ. இதுல ஒண்ணும் மானக்கேடு இல்ல. மேனேஜர் வாராருன்னா படிக்கட்டுப் பக்கம் நழுவுதவன்தான நீ?

வாருக்கு வருவோம். அந்த நீளுத வார எடுத்து, பேத்திக்குக் கொடி கட்ட ஆகும், குடுத்துரு. நாலு அஞ்சு அடிக்கு மேல வேண்டாம். கையில சுத்திக்காத. முப்பது கிலோ நாயி திடீர்னு இழுத்தா மணிக்கட்டு ஒரு பக்கம் போயிரும், நீ ஒரு பக்கம் போயிருவ. கழுத்துப்பட்டி பின்பக்கமா இழுத்தா தலைய உருவிக்கிட்டு வந்துரும், நெஞ்சுல மாட்டுத வாரு பத்திரம். எதிர்ல ஒருத்தன் வந்ததும் நீ பயந்துபோயி வார இறுக்கிப் பிடிக்க பாரு, அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. இழுத்ததும் ஒம் புரூனோ நெஞ்ச நிமித்திக்கிட்டு முன்னங்கால் ரெண்டையும் தூக்கும். எதிர்ல நிக்கிறவனுக்கு அது சண்டைக்கு வான்னு கூப்பிடுத தோரண. பயந்தது நீ, சவால் விட்டது அது, கடிபடப் போறது ரெண்டு பேரும்.

வர்றவன் மனசுல என்ன இருக்குன்னு ஒடம்பப் பாத்தே சொல்லிரலாம். தூரத்துல நின்னு விடாமக் கொலைக்கிறவன், போயிரு போயிருன்னு சொல்லுதான். நீ போயிரு, கத முடிஞ்சுது. வாய மூடிக்கிட்டு, தலையத் தாழ்த்தி, ஒடம்பு வெறச்சு நேராக் கண்ணப் பாத்து வாரான் பாரு, அவன்தான் வேலைக்காரன். வாலாட்டுனா சிநேகம்னு ஏமாந்துராத. இடுப்போட சேந்து தொளதொளன்னு ஆடுனாத்தான் சிநேகம். மேல தூக்கி, வெறப்பா, நுனி மட்டும் ஆடுனா வேற கணக்கு.

அப்படி ஒருத்தன் வந்தா ஓடாத. மாமன் சொல்லுதேன், ஓடுதத மட்டும் பண்ணாத. ஒலிம்பிக்ல ஓடுதவனையே நாயி மடக்கிரும், நீ தொப்பையோட எவ்வளவு தூரம் ஓடுவ? நின்னுக்கோ. நேருக்கு நேர் நிக்காம ஒருச்சாய்ச்சு நில்லு. அவன் கண்ணப் பாக்காத, காலப் பாரு. ஒந் நாய அந்தப் பக்கம் மாத்திக்கோ, நடுவுல நீ இருக்கணும். கார் ஏதும் நின்னா அதுக்குப் பின்னால மெதுவா ஒதுங்கு. குரல ஒசத்தாம, அடிவயித்துல இருந்து ஒரு 'போ' போடு. இன்னும் கிட்ட வந்தா, குனி. தரையில கல்லு இருக்கணும்னு அவசியமே இல்ல. குனிஞ்சு கையத் தரையில வச்சாப் போதும், நம்ம நாட்டுத் தெருநாயில முக்காவாசி பின்னால போயிரும். ஆனா எறியாத. விலங்கு வதை 1960-லேயே சட்டப்படி குத்தம். அதவிட, அடிபட்டவன் ஒன்னய மறக்க மாட்டான். நாளைக்கு அதே நேரம், அதே முக்கு.

கையில கொட வச்சுக்கோ. மெட்ராசுல மழ வராதுன்னு சிரிக்காத. படார்னு விரிச்சா நாய்க்கு ஒன்னயும் தெரியாது, ஒந் நாயையும் தெரியாது. கம்புன்னா தரையில தட்டு, ஓங்காத. பைக்குள்ள ஒரு பிடி நாய்த்தீனி இருக்கட்டும். ஆள் தூரத்துல வரும்போதே அவனுக்குப் பின்னால செதறி எறி. கிட்ட வந்த பெறவு எறிஞ்சா ஒங்காலடியிலயே பந்தி போட்டதா ஆயிரும்.

ஆன்லைன்ல மொளகு ஸ்பிரே வாங்கி வச்சிருக்கியாமே. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கத் தெரியுமாடே ஒனக்கு? சாயங்காலம் கடக்காத்துக்கு எதிர நின்னு அத அமுக்குனீன்னா, மொதல்ல தும்முதது நீ, ரெண்டாவது புரூனோ. கருவாயன் ஒக்காந்து வேடிக்க பாப்பான்.

எதுத்த வீட்டு அம்மா பொமரேனியன சட்டுனு தூக்கி மார்போட அணைக்காவ. பாசந்தான். ஆனா கீழ நிக்கிறவன் அத எட்டிப் பிடிக்கத் தாவுவான், மொதல்ல சிக்குதது அந்தம்மா முகமும் கையும். அதுக்குப் பதிலாப் பக்கத்து மதில்ச்சுவர் மேலயோ கார் மேலயோ ஏத்தி விட்டுட்டு முன்னால மறிச்சு நிக்கலாம். நீ புரூனோவத் தூக்கப் பாக்காத, முதுகு ஆபரேசனுக்கும் மாமன் தொணைக்கு வர முடியாது.

எல்லாத்தையும் மீறிச் சண்ட வந்துட்டுன்னா கைய நடுவுல விடாத. ஒந் நாயே ஒன்னயக் கடிக்கும், அந்த நேரத்துல அதுக்கு நீ யாரு, கை யாருதுன்னு தெரியாது. விடிகாலையில கோலம் போட வாசல் தெளிக்கிற வீடு பத்தடிக்கு ஒண்ணு இருக்கு. அந்த வாளித் தண்ணியக் கேட்டு மூஞ்சிலயே ஊத்து. இல்ல, கொடய ரெண்டுக்கும் எடையில செருகு. பிரிஞ்சதும் அங்ஙன நின்னு நியாயம் பேசாம வீட்டுக்கு வா.

தெருநாயப் பத்தியே பேசுதியே, அவுத்து விட்ட வீட்டு நாயி? சாயங்காலம் பூங்காவுல ஆள் கொறஞ்சதும் புரூனோவோட வார நீ கழத்தி விடுத. 'எங்க நாயி ஒண்ணும் பண்ணாது'ன்னு வேற சொல்லுத. 2024 மே மாசம் நுங்கம்பாக்கம் பக்கத்துப் பூங்காவுல அஞ்சு வயசுப் பிள்ளையக் கொதறுனது தெருநாயி இல்ல மருமவனே, வளர்ப்பு ராட்வைலர். அதுவும் அன்னைக்குக் காலையில வர ஒண்ணும் பண்ணாமத்தான் இருந்திருக்கும். மாநகராட்சி லைசென்சு எடுத்தியா? வாய்மூடி? வாங்கும்போது கூடை மாதிரி பின்னுனதா வாங்கு. துணியில தச்சதப் போட்டா இந்த வெயிலுக்கு அது நாக்கத் தொங்கப் போட்டு மூச்சு வாங்க முடியாது.

கடி விழுந்தா கூகுளத் தேடாத, கொழாயத் தெற. ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு முழுசா 15 நிமிசம் கழுவு. மஞ்சப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், மொளகாப்பொடின்னு உங்கம்மா சமையக்கட்டையே தூக்கிட்டு வருவா, எதையும் வாங்காத. கட்டுப் போடாத. நேரா அரசு ஆஸ்பத்திரி. அங்க காசு கெடையாது. எங்க காலத்துல தொப்புளச் சுத்தி 14 ஊசி, பாதி ஊசியிலேயே ஆளு கடிச்ச நாயத் தேடிப் போயிக் கும்பிட்டுட்டு வருவான். இப்போ கையிலதான். மொத நாள், 3, 7, 28. கடி ஆழமா இருந்தா காயத்தச் சுத்தி இன்னொரு மருந்தும் போடுவாவ, வேண்டாம்னு சொல்லாத. கடிச்ச நாயி 10 நாளைக்கு உசிரோட இருக்கான்னு பாக்கச் சொல்லுவாவ. பாரு, ஆனா அதுக்காக ஊசியத் தள்ளிப் போடாத. வெறிநோய்க்கு அறிகுறி வந்துட்டா வைத்தியம் இல்ல. புரூனோவுக்கும் ரோமத்த வெலக்கிப் பாரு, பல்லு பட்ட ஓட்ட வெளிய தெரியாது. வருசா வருசம் போடுத ஊசி போட்டிருந்தாலும் அன்னைக்கே டாக்டர்கிட்டக் கொண்டு போ.

மூணாவது ஊசிக்குள்ள காயம் ஆறிரும். ஆறுனதும் நீ ஆபீசு, மீட்டிங்குன்னு நாலாவத விட்டுருவ, ஒன்னயத் தெரியாதா எனக்கு? 28-ஆம் நாள் ஊசியப் போடலன்னா ஆஸ்பத்திரிக்காரங்க தேடி வர மாட்டாவ. நான் உங்கம்மாகிட்டச் சொல்லிருவேன்.