அடுத்தவர் இசை ஆகாதா?

கேள்வி: வீட்டிலேயே கம்ப்யூட்டரில் இசை தயாரிக்கிறேன். மற்றவர்கள் இசையைக் கேட்டால் சொந்தச் சரக்கு போய்விடும் என்கிறான் நண்பன். கேட்பதை நிறுத்திவிடலாமா?

பதில்: காதைப் பொத்திக்கொண்டு இசையமைக்கச் சொல்லும் நண்பரிடம் அமெரிக்க இசையமைப்பாளர் பிரையன் வில்சன் கதையைச் சொல்லுங்கள். 1963-இல் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர், ரேடியோவில் 'பி மை பேபி' பாட்டு வந்ததும் வண்டியை ஓரங்கட்டினார். ஏகப்பட்ட வாத்தியங்களை ஒரே அறையில் சேர்த்து வாசிக்கவைத்து, எதிரொலி அறை வழியாக அனுப்பி, ஒலியையே சுவர்போல எழுப்பியிருந்தார் அதன் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர். வில்சன் அந்தப் பாட்டை வாழ்நாள் முழுக்கக் கேட்டார். பிறகு பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' ஆல்பம் கேட்ட வேகத்தில் 1966-இல் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தைத் தயாரித்தார். அதில் மயங்கிய பால் மெக்கார்ட்னியின் பீட்டில்ஸ் குழு 1967-இல் 'சார்ஜன்ட் பெப்பர்' தந்தது. ஒன்றைக் கேட்டு இன்னொன்று பிறந்தும், யார் முகமும் யாருக்கும் ஒட்டிக்கொள்ளவில்லை!

மெட்டுப் போடும் நேரத்தில் வேண்டுமானால் பிறர் பாட்டு வேண்டாம். மிக்ஸிங் செய்யும்போது கட்டாயம் வேண்டும்: நல்ல பாட்டு ஒன்றையும் உங்கள் பாட்டையும் ஒரே சத்தத்தில் மாற்றி மாற்றி ஓடவிட்டால், உங்கள் பேஸ் எங்கே வீங்கியிருக்கிறது, குரல் எங்கே அமுங்கியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். நிறையக் கேளுங்கள். நண்பரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.